முதல் வெட்டு

கொடி அழுதுகொண்டிருந்தது.

வெட்டிய நுனியில் நீர் திரண்டு சொட்டியது. திராட்சைப் பந்தலுக்குள் நுழைந்ததுமே அவள் கண் அங்கேதான் போனது.

விடியுமுன் வந்து அவளே வெட்டியது. முதல் கொடியில் ஒரே ஒரு வெட்டு. கத்தியைத் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டாள். கொடி அழும் என்பதை மறந்துபோனாள்.

இன்று கவாத்து, கொடிகளை வெட்டிவிடும் நாள். ஆட்கள் கத்தரியோடு காத்திருந்தார்கள். முதல் வெட்டு மட்டும் மாமனார் காலத்து வளைகத்தியால் விழ வேண்டும். அதுவும் கைராசிக்காரி கையால்.

இந்த வீட்டில் கைராசிக்காரி என்றால் பவுன்தாய். அவளுடைய ஓரகத்தி, புருஷனின் அண்ணன் மனைவி.

அவள் புதுப்பெண்ணாக வந்த வருஷம் கத்தியை அவளிடம்தான் கொடுத்தார்கள். பூக்கிற நேரத்தில் மழை கொட்டிப் பூவெல்லாம் அழுகி உதிர்ந்தது. மழைக்கு அவளா பொறுப்பு?

யாரும் திட்டவில்லை. மறு வருஷம் கத்தி பவுன்தாயிடம் போனது. அதோடு சரி.

அப்புறம் பவுன்தாய் தொட்டால் காய்க்கும், பவுன்தாய் ஊற்றினால் மோர்கூட இனிக்கும். கேட்டுக் கேட்டு அவளுக்கு வயிறு எரிந்தது.

இந்த வருஷம் காய்த்துத் தொங்கட்டும். அப்போது சொல்லலாம், முதல் வெட்டு என்னுடையது என்று.

அவள் புருஷன் கத்தியை நீட்டினான். பவுன்தாய் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு முதல் கொடியைப் பிடித்தாள். புறங்கையில் நீர் சொட்டியது.

பவுன்தாய் வெட்டைப் பார்த்தாள். பிறகு அவளைப் பார்த்தாள்.

அவனும் பார்த்துவிட்டான். "எவன் கைய வச்சது?"

ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"நாந்தேன் தம்பி. நல்ல நேரம் தப்பிரும்னு வெள்ளனவே வந்து வெட்டிப்பிட்டேன்" என்றாள் பவுன்தாய்.

அவன் முகம் தெளிந்தது. கொடியை வளைத்துப் பார்த்தான்.

"நாலு மொட்டுக் கண்ணு விட்டு, சரிவா, என்ன வெட்டு பாருங்கடா! மதினி கை மதினி கைதேன்."

ஆட்கள் எட்டிப் பார்த்துத் தலையாட்டினார்கள். பந்தலெங்கும் கத்தரிச் சத்தம் கிளம்பியது.

பவுன்தாய் அவளைக் கடந்து போகும்போது தோளை மெல்லத் தட்டிக்கொடுத்தாள்.

காட்டிக்கொடுத்திருந்தால்கூடத் தேவலை.

அவள் கண்ணை மூடிச் சாமியை நினைத்தாள்.

இந்த வருஷம் ஒரு குலைகூடப் பிடிக்கக் கூடாது.