கைதிகள் பேர் வாசிக்கும் நேரம்

"இப்பக் கேக்குதுங்களா?"

மொட்டைமாடியில் மூங்கில் கழியைக் கட்டிப் பிடித்தபடி தீர்த்தம்மாள் குரல் கொடுத்தாள். கழியின் உச்சியில் செம்புக் கம்பி. அதிலிருந்து இன்னொரு கம்பி கொக்கி மாட்டி இறங்கி, ஜன்னல் வழியாகக் கீழே ரேடியோவுக்குப் போனது.

"பாட்டு நல்லாத்தான் கேக்குது. அப்படியே நில்லு" என்றார் கீழேயிருந்து சென்னப்பன். அரூரில் புளி மண்டி வைத்திருந்தவர். அந்தத் தெருவில் அவர் வீட்டில் மட்டும்தான் ரேடியோ.

தீர்த்தம்மாளின் புருஷன் கருப்பண்ணன் பட்டாளத்துக்குப் போனவன். சிங்கப்பூர் விழுந்த பிறகு அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. பிடிபட்ட சிப்பாய்களின் பெயர்களை ஜப்பான்காரர்களின் ரேடியோவில் சாயங்காலம் தமிழில் வாசிக்கிறார்கள் என்று சென்னப்பன்தான் கண்டுபிடித்தார். அன்றிலிருந்து மாமியாரையும் மருமகளையும் தினமும் அவரே ஆள் விட்டு அழைத்துவிடுவார்.

பேர் வந்தால் அவன் உயிரோடு இருக்கிறான். வராவிட்டால் என்ன செய்வது என்று ஊர்ப் பெரியவர்கள் முடிவு செய்திருந்தார்கள். தீர்த்தமலைத் திருவிழா வரைக்கும் பார்ப்பது. அதற்குள் பேர் வராவிட்டால் கருமாதி செய்துவிட்டு, தீர்த்தம்மாளை அவள் அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிடுவது. அண்ணன் வேறு இடத்தில் கட்டிக்கொடுத்துக்கொள்ளலாம்.

ரேடியோவுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள் கருப்பண்ணனைப் பெற்ற ராமக்காள். பெட்டியின் துணியோடு ஒட்டியிருந்த அவளுடைய காது மடல் இரண்டாகக் கிழிந்திருந்தது. மாடு முட்டிவிட்டது என்பாள்.

பாட்டு முடிந்தது. ராமக்காள் ஜன்னல் பக்கம் திரும்பிக் கூப்பிட்டாள். "தீர்த்தம்மா, பேர் படிக்கப் போறாங்க. கழிய நல்லாப் புடிச்சுக்க."

"சரிங்கத்தே."

சட்டியில் சோளம் பொரிவது போல இரைச்சல் கிளம்பியது. அதற்குள்ளே எங்கோ ஒரு மனிதக் குரல் முங்கி முங்கிப் போனது. ராமக்காள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"இது என்ன கூத்துன்னே புரியலக்கா. பாட்டுக்குக் கேக்குது, பேருக்குக் கேக்க மாட்டேங்குது" என்றார் சென்னப்பன்.

"என் தலையெழுத்து தம்பி."

சேலத்திலிருந்து ரிப்பேர்க்காரரை வரவழைத்தார் சென்னப்பன். வந்தவர் பேட்டரியை மாற்றினார். வால்வுகளைத் துடைத்து மாட்டினார். எர்த் கம்பி புதைத்த இடத்தில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். மத்தியானம் முழுக்க ரேடியோ கணீரென்று பாடியது.

"பெட்டியில கோளாறு இல்லீங்க. சாயங்காலக் காத்துல கழி ஆடுது போல" என்று சொல்லி, கழியைக் கைப்பிடிச் சுவரோடு கயிறு போட்டு இறுக்கிக் கட்டிவிட்டுப் போனார்.

"இனிமே மேல ஆளு வேண்டாம்க்கா. அந்தப் புள்ளையும் உங்களோட உக்காந்து கேக்கட்டும்" என்றார் சென்னப்பன்.

"இருக்கட்டும் தம்பி, அவ மேலயே நிக்கட்டும். கயித்த நம்ப முடியுமா?" என்றாள் ராமக்காள்.

சென்னப்பனின் மனைவி கண்ணம்மாளுக்கு மனசு கேட்கவில்லை. "பாவங்க அந்தப் புள்ள. இருந்தவரைக்கும் அவன் அடிச்சே கொன்னான். அவனுக்காகப் போயி இப்படி நிக்கிறாளே."

"கை நீட்டாத ஆம்பள எவன்டி இருக்கான்? பெத்தவ மொகத்தப் பாரு. கட்டுனவ கையப் பாரு, கழி புடிச்சே காச்சுப் போச்சு. அவன் குடுத்து வச்சவன்."

திருவிழாவுக்கு முந்தின சாயங்காலம் சென்னப்பன் வீட்டுக் கூடம் நிறைந்துவிட்டது. ஊர்ப் பெரியவர்களும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். இன்றைக்குச் சேலம் ஜில்லாவைச் சேர்ந்த சிப்பாய்களின் பெயர்கள் என்று பாட்டுக்கு முன்பே அறிவித்திருந்தார்கள்.

பாட்டு முடிந்தது. ராமக்காள் மேலே குரல் கொடுக்கவில்லை. சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு பெட்டியையே பார்த்திருந்தாள்.

"ஓமலூர், முனிராஜ். நல்லம்பள்ளி, குள்ளன்."

பெயர்கள் முதல்முறையாகத் தெளிவாகக் கேட்டன. 

"அரூர். கருப்ப..."

"தீர்த்தம்மா, கழிய நல்லாப் புடிச்சுக்க" என்று அலறினாள் ராமக்காள்.

மீதிப் பேரை இரைச்சல் விழுங்கிவிட்டது.

சென்னப்பன் பெட்டியின் திருகை அப்படியும் இப்படியும் திருப்பினார். கருப்பண்ணனா, கருப்பையாவா, கருப்பசாமியா என்று ஆளுக்கொன்றாகப் பேசினார்கள். ராமக்காள் நெஞ்சில் அடித்துக்கொண்டு தரையில் சாய்ந்தாள். அவளிடமிருந்து அப்படியொரு ஓலத்தை அதுவரை யாரும் கேட்டதில்லை.

கண்ணம்மாள் மாடிக்கு ஓடினாள்.

கயிறு அவிழாமல் இருந்தது. கழி ஆடவில்லை. அதன் அடியில் தீர்த்தம்மாள் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். கொக்கியிலிருந்து கழற்றிய கம்பி அவள் கையில் இருந்தது.

கீழேயிருந்து பெரியவர் ஒருவரின் குரல் ஏறி வந்தது. "அரைப் பேர வச்சுக்கிட்டு ஒண்ணும் சொல்ல முடியாதுப்பா. பேசுனபடி திருவிழா முடிஞ்சதும் கருமாதிய வச்சுருங்க."

"அடிப்பாவி" என்றாள் கண்ணம்மாள். "உன்னைய அடிச்சான், சரி. பெத்தவ என்னடி பண்ணுனா? கீழ உருண்டுக்கிட்டுக் கெடக்கறா. உசுரோட இருக்கிற மகன அவளுக்கு இல்லாமப் பண்ணிட்டியே."

தீர்த்தம்மாள் எழுந்து கம்பியைக் கொக்கியில் மாட்டினாள். கீழே இரைச்சல் அடங்கி, வேறேதோ ஊர்ப் பெயர் தெளிவாகக் கேட்டது.

"அத்தைதாங்க்கா கழட்டச் சொன்னாங்க."