அடி தடித்த கிளாஸ்

சூசை தன் டீக்கடையில் கிளாஸ்களையெல்லாம் மாற்றிவிட்டார். ஸ்பூன் போட்டுவைக்க ஒரு பழைய கிளாஸ் மட்டும் மிச்சம். புதுசும் அதே உயரம்தான். அடி மட்டும் விரல் தடிமன்.

"உனக்கு எதுக்குப்பா அடியில இவ்வளவு கண்ணாடி?" என்றது பழசு.

"அதுக்காகத்தான் என்னை வாங்கினாரு. பால் விலை ஏறிப்போச்சு, கேஸும் ஏறிப்போச்சு. டீ விலையை ஏத்தினா ஒருத்தனும் வரமாட்டான். நான் இருந்தா பத்து டீக்கான பால்ல பன்னெண்டு போடலாம். அப்படியாவது இந்த மாச வாடகை தேறணும். தேறலைன்னா கடைக்குப் பூட்டுதான்" என்றது புதுசு.

"நடக்கட்டும், பார்ப்போம்."

மண்டியில் மூட்டை தூக்கும் இருவர் வந்தார்கள். தினமும் ஆளுக்கொரு டீ குடிப்பவர்கள்.

"அண்ணே, ஒரு டீயை ரெண்டாப் போடுங்க. நாலு நாளா லாரியே வரலை."

சூசை இரண்டு புதுக் கிளாஸ்களில் பாதிப் பாதியாக ஊற்றினார். தடித்த அடிக்கு மேல் டீ கொஞ்சம்தான் நின்றது. இருவரும் அதைப் பார்த்தார்கள். சூசையும் பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டு, இரண்டு கிளாஸையும் நிரப்பிக் கொடுத்தார். ஒரு டீக்குத்தான் காசு வாங்கினார்.

கழுவிக் கவிழ்த்த புதுசிடம் பழசு கேட்டது: "எவ்வளவுப்பா மிச்சம்?"

"சும்மா இரு. நாலு பேர் வர்றாங்க. ரெண்டு டீ சொல்றாங்க."