பாதிக்குப் பாதி

மூன்று வருஷமாக வழக்கை மேஜைக்கு அடியில் போட்டு வைத்திருந்த மனுஷன் இன்று பீஸில் பங்கு கேட்டதும், புது வக்கீல் மதார் சீறினார்.

"கட்சிக்காரி வேண்டாம்னுதானே உம்மை மாத்துனா? பொறவு என்னவே பங்கு?"

கோர்ட்டு வராந்தாவில் பழைய வக்கீல் வேதநாயகம் வழக்குக் கட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டார். "மனு எழுதுனது நான், சாட்சி விசாரிச்சது நான். பாதி தாரேன்னு எழுதிக் குடும், கட்டைத் தாரேன்."

"செத்தவன் கை மோதிரத்தைக் கழட்டுத மாதிரி இருக்குவே!"

"நீரு மட்டும் தர்மத்துக்கா வந்தீரு?"

சீவலப்பேரி சாலோமி, புருஷனை லாரிக்குப் பறிகொடுத்து நஷ்ட ஈட்டு வழக்குப் போட்ட கட்சிக்காரி, உள்ளேயிருந்து ஓடி வந்தாள். "சார், உள்ள..."

"சும்மா இரும்மா. உனக்காகத்தானே சண்டை போடுதேன்" என்றார் மதார்.

போனவள் திரும்பி வந்தாள். "சார், ஒரு நிமிஷம்..."

"பேசிட்டிருக்கோம்லா!" என்று வேதநாயகம் அதட்டினார்.

மூன்றாம் தரம் அவள் வாயைத் திறக்குமுன்பே மதார் கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

ஒருவழியாக, தீர்ப்பானதும் வருகிற பீஸ் ஆளுக்குப் பாதி என்று எழுதிக் கையெழுத்தானது. கட்டு கைமாறியது.

"இப்ப சொல்லும்மா, என்ன விஷயம்?"

"உள்ள நம்ம கேஸை மூணு தரம் கூப்பிட்டாவ, சார். வக்கீல் வெளிய நிக்காவன்னு நானும் சொல்லிப் பாத்தேன். ஜட்ஜய்யா பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டு, வக்கீல் யாரும் வரலன்னு தள்ளுபடி பண்ணிட்டாவ."

சாலோமி வராந்தா ஓரமாகப் போய்க் காறித் துப்பினாள்.

"அதையும் ஆளுக்குப் பாதியா எடுத்துக்கிடுங்க."