மேப்பில் இருக்கும் கடை

இந்திராணியைப் பெஞ்சில் படுக்கவைத்துவிட்டு ரோட்டுக்கு ஓடி வந்து பார்த்தான் திருமலை. ஆம்புலன்ஸைக் காணவில்லை.

பஞ்சர் போட வருகிறவர்கள் உட்காருவதற்காகக் கடைக்குள் போட்டிருந்த பெஞ்ச் அது. அவள் அதில் ஒரு நிமிஷம் உட்கார்ந்துகூட யாரும் பார்த்ததில்லை. சாப்பிட்ட தட்டைக் கழுவப் போனவள், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்துவிட்டாள். உடம்பெல்லாம் வியர்வை. இடது கையை அசைக்க முடியவில்லை.

கட்டின பெண்டாட்டி கண்ணெதிரே கிடக்கிறாள். திருமலைக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பைக்கில் உட்கார அவளுக்குத் தெம்பில்லை. எதிர்வீட்டு ஷேர் ஆட்டோ ஷிஃப்டுக்கு ஆள் ஏற்றப் போய்விட்டது. ஸ்ரீபெரும்புதூரில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டான். நல்லவேளை, வண்டி இருந்தது.

டிரைவரும் கெட்டிக்காரர்தான். வழி கேட்டு நேரத்தை வீணாக்கவில்லை. கடை நம்பருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு 'ஹாய்' அனுப்பினார்.

திருமலை போனைத் தொடவே இல்லை. அதுவாகவே பதில் சொல்லிவிட்டது.

'வணக்கம். திருமலை டயர்ஸைத் தொடர்பு கொண்டதற்கு நன்றி. எங்கள் கடைக்கு வர கீழே அழுத்தவும்.' அடியில் மேப்.

டிரைவர் பதிலுக்குக் கட்டைவிரல் படம் அனுப்பினார். அதைப் பார்த்த பிறகுதான் திருமலைக்கு மூச்சே வந்தது.

எல்லாம் லோகேஷ் செய்த புண்ணியம். சின்னக் கடைகளை ஆன்லைனில் ஏற்றிவிடும் கம்பெனியிலிருந்து போன வருஷம் வந்தவன். அதுவரைக்கும் வடக்குப்பட்டு உள்ரோட்டில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த கடைதான் இது. மேப்பில் ஏறிய பிறகு போன் ஓயவில்லை. புதுக் கம்ப்ரஸர் வந்தது, புது போர்டு வந்தது. மேப் மட்டும் இல்லாதிருந்தால் திருமலை எப்போதோ ஷட்டரை இழுத்துவிட்டு ஏதாவதொரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலைக்குப் போயிருப்பான்.

போனை எடுப்பது மட்டும் இந்திராணியின் வேலை. வருகிறவர்களில் பாதிப் பேர் எங்கேயாவது நின்றுகொண்டு, கடையைக் காணோமே என்பார்கள். திருமலைக்குப் பொறுமை கிடையாது, எரிந்து விழுவான். அவளோ பின் சீட்டில் உட்கார்ந்து கூட்டி வருகிற மாதிரி வழி சொல்வாள். வெயிலில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறவர்கள் பாவம் என்று, வைக்கும்போது ஆறுதலாக ஒரு வார்த்தையும் சொல்லித்தான் வைப்பாள்.

போன் அடித்தது.

“அண்ணே, வந்துட்டேன். பேஷண்ட் எங்க கீறாங்க?” டிரைவர்தான்.

திருமலை ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தான். ஒரு தண்ணீர் லாரி போய்க்கொண்டிருந்தது.

“மேப்பு இங்கதாண்ணே காட்டுது. பெரிய கம்பெனி, மூணாவது கேட்டாண்ட. இங்க கடையே இல்லியே.”

இல்லைதான். அந்த இடத்தில் ஒருநாளும் கடை இருந்ததில்லை.

உள்ரோட்டுக் கடை யார் கண்ணில் படும், மேப்பில் இடத்தை மாற்றிப் போடுங்கள் என்று யோசனை சொன்னது லோகேஷ். ஆனால் விரலை வைத்தது திருமலை. மேப்பில் தன் கடையைப் பிடித்து, மெயின் ரோட்டைத் தாண்டி இழுத்துக்கொண்டு போய், ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் வண்டிகள் குவியும் அந்தக் கேட் வாசலில் நட்டுவிட்டான். தேடி வந்தவன் கடையைக் காணாமல் எப்படியும் போன் போடுவான். போட்டால் இந்திராணி பேசிப் பேசியே கூட்டி வந்துவிடுவாள். பஞ்சரான வண்டியை வைத்துக்கொண்டு அவன் வேறெங்கே போவான்?

இல்லாத கடைக்கு நீ வழி போடு, இருக்கிற கடைக்கு நான் வழி சொல்றேன், என்னிக்காவது ஒருத்தன் வந்து உதைக்கப் போறான் என்று அவள் கிண்டல் செய்வாள். திருமலையும் சேர்ந்து சிரிப்பான்.

இப்போது ஷிஃப்ட் மாறுகிற நேரம். கம்பெனி பஸ்கள் வரிசை கட்டி நிற்கும். நடுவில் தடுப்பு வேறு. அங்கிருந்து திரும்பி வருவது அத்தனை லேசில்லை.

திருமலைக்கு வழி தெரியாமல் இல்லை. பிறந்து வளர்ந்த ஊர். ஆனால் நாக்கு எழவில்லை. நேரா வாங்க, நேரா வாங்க என்றே சொல்லிக்கொண்டிருந்தான். எங்கிருந்து நேராக என்று அவனுக்கே தெரியவில்லை.

பெஞ்சிலிருந்து இந்திராணியின் வலது கை நீண்டது. போனைக் கேட்டாள்.

அவளால் பிடிக்க முடியவில்லை. அவன்தான் மண்டியிட்டு அவள் காதோரம் பிடித்துக்கொண்டான்.

கண்ணைத் திறக்காமலே சொன்னாள். பஸ் வரிசையில் மாட்டாமல் ஓரமாக வந்து, திரும்பி, எடை மேடைக்குப் பக்கத்தில் இடது பக்கம், அப்புறம் சர்ச், சர்ச்சைத் தாண்டினால் தண்ணீர் டேங்க். ஒரு திருப்பமும் தப்பவில்லை. குரலில் நோவே தெரியவில்லை. கடை போன் என்றால் அவளுக்கு அந்தக் குரல்தான் வரும்.

இவள் எழுந்து உட்கார்ந்தால் போதும், முதல் வேலையாகக் கடையை அதன் இடத்திலேயே வைத்துவிடுகிறேன் என்று திருமலை வல்லக்கோட்டை முருகனிடம் வேண்டிக்கொண்டான்.

இந்திராணி வழியைச் சொல்லி முடித்தாள். பிறகு, போனை வைக்கும்போது எல்லோரிடமும் சொல்வதை இவரிடமும் சொன்னாள்.

“மெதுவாவே வாங்கண்ணா. அவசரம் ஒண்ணும் இல்ல.”

“சரிம்மா” என்று டிரைவர் வைத்துவிட்டார்.