பெயர் கேட்காத பந்தி

கெய்ரோவின் ஷுப்ரா சந்தில் நோன்பு திறக்கும் பந்தி நிரம்பியிருக்கிறது. சாயும் வெயிலில் பேரீச்சம்பழத் தட்டுகள் மினுங்குகின்றன. சமூகநல அலுவலர் தஹானியின் கையில் அரசுப் படிவம். சாப்பிடுகிறவர் பெயரும் அடையாள எண்ணும் எழுதாவிட்டால் நாளை முதல் அரிசி வராது. சிமெண்டுத் தூசி படிந்த கூலியாள் ஒருவன், அடையாள அட்டையில்லாமல், எழுந்துபோகப் பார்க்கிறான். பந்திக்குச் சமைக்கும் கிறிஸ்தவப் பெண் உம் மினா அவன் தோளை அழுத்தி உட்காரவைத்துவிட்டு, தஹானியிடம் திரும்புகிறாள்.

"இங்க வர்றவங்கள யாரு என்னன்னு கேட்டதே இல்ல மகளே. உன்னையும் கேக்கல. பசியோட நிக்காம உக்காரு."

மசூதியில் நோன்பு திறக்கும் பாங்கு ஒலிக்கிறது. தஹானி அவனருகில் உட்கார்ந்து பேரீச்சம்பழத்தைக் கடிக்கிறாள். பிறகு படிவத்தில் மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுத்து, 'எல்லோரும் ஆண்டவனின் விருந்தாளிகள்' என்று எழுதுகிறாள். அதன் கீழே தன் முழுப்பெயரையும் தன் அடையாள எண்ணையும் கொட்டை எழுத்தில் எழுதுகிறாள்.