முன்கை எலும்பு

ஆட்டின் முன்னங்காலை அப்பா மூட்டோடு பிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் குந்தியிருந்த மோல்தீர் ஒவ்வோர் எலும்புக்கும் லத்தீன் பெயரை முணுமுணுத்தாள்.

திங்கட்கிழமை கரகண்டா நகரத்து மருத்துவக் கல்லூரியில் அவளுக்கு எலும்புத் தேர்வு. கண்ணை மூடச் சொல்லி ஓர் எலும்பைக் கையில் வைப்பார்கள். என்ன எலும்பு, வலதா இடதா என்று தடவிப் பார்த்தே சொல்ல வேண்டும்.

ஆனால் இன்று மாலை பெண் கேட்டு வருகிறார்கள். அந்த வீட்டு மருமகள்கள் யாரும் படிக்கப் போவதில்லை.

வாயால் மறுத்தால் இரண்டு குடும்பத்துக்கும் பகை. வாயைத் திறக்காமல் மறுக்க ஒரு வழி இருந்தது. கல்யாணமாகாத பெண்ணுக்கு அந்த ஊர்ப்பக்கம் ஆட்டின் முன்கை எலும்பைப் பரிமாற மாட்டார்கள். தின்றவள் கிழவியாகும்வரை பிறந்த வீட்டிலேயே கிடப்பாள் என்பார்கள். அதை அப்பனே மகள் தட்டில் வைத்தால் வந்தவர்களுக்குப் புரிந்துவிடும். தேநீரைக் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

"அப்பா, அந்த முன்கை எலும்ப எனக்குப் போடுங்க. அவங்க பாக்கட்டும்."

அப்பாவின் கத்தி நின்றது. அவர் நிமிரவில்லை.

"சரி, என் செல்ல ஒட்டகக்குட்டி. நீ உள்ள போயிப் படி."

அவளுக்கு உயிர் திரும்பி வந்தது. அன்று பகல் மண்டையோட்டின் சின்னச் சின்னத் துளைகள்கூட ஒன்று விடாமல் மனதில் நின்றன.

மாலையில் வந்தார்கள். அவளையும் உட்கார வைத்தார்கள். அண்டாவிலிருந்து கறி பெரிய தாம்பாளத்தில் வந்தது. தலை, வந்தவர்களில் மூத்தவருக்கு. இடுப்பெலும்பு அவருக்கு அடுத்தவருக்கு. அப்பாவின் கத்தி தாம்பாளத்தைச் சுற்றிக்கொண்டே போனது.

முன்கை எலும்பு இல்லை. வலதும் இல்லை, இடதும் இல்லை.

மோல்தீர் அம்மாவை முறைத்தாள். அண்டாவுக்குப் பக்கத்தில் நாள் முழுக்க இருந்தவள் அவள்தான். காலையில் ஒட்டுக் கேட்டிருப்பாள், கறியை அள்ளும்போது எடுத்து ஒளித்திருப்பாள். பெற்றவளே இப்படிச் செய்வாளா என்று நெஞ்சு எரிந்தது. அம்மா தேநீர்க் கிண்ணங்களை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

மாப்பிள்ளையின் அம்மா ஒரு துண்டைத் தூக்கிக் காட்டி, டாக்டரம்மா இது என்ன எலும்பு என்று கேலியாகக் கேட்டாள். மோல்தீர் சொன்னாள், மார்பெலும்பு, ஸ்டெர்னம். எல்லோரும் கைதட்டினார்கள்.

அந்த அம்மாள் அதை அவள் தட்டிலேயே வைத்தாள். நெஞ்சுக்கறி மருமகளுக்கு உரியது.

அதோடு கல்யாணப் பேச்சு முடிவானது.

வந்தவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோகக் குதிரைக்கறி எடுத்து வரும்படி அவளைக் கொட்டகைக்கு அனுப்பினார்கள். தீவன மூட்டைக்குப் பின்னால் ஒரு சாக்குத்துணி சுருட்டிக் கிடந்தது. உள்ளே கையை விட்டாள். வெளிச்சம் தேவைப்படவில்லை. முன்கை எலும்பு. இது வலது. இது இடது.

விரலில் ரத்தம் பிசுபிசுத்தது.

இரண்டும் வேகாத பச்சை எலும்பு. அம்மாவின் அண்டாவுக்கு அவை போகவே இல்லை.

காலையில் அப்பா சரி என்று சொன்னபோது, கத்தியும் எலும்பும் அவர் கையில்தான் இருந்தன.