தாளிக்காத ஊர்

"அம்மா, பசிக்குது. கதவைத் தொறம்மா!"

பக்கத்து வீட்டுச் சிறுமி அருள்மொழி சமையலறைக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள். சாவி அவள் தாய் பானுமதியின் இடுப்பில் இருந்தது.

போன வாரம்தான் குண்டனி நாடு என்ற இந்த மலைக் கிராமத்துக்குக் கிராம நிர்வாக அலுவலராக மாற்றலாகி வந்த ஜெசிந்தாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்ற பிள்ளைக்குச் சோறு போடாத அம்மா! இந்த ஊரே ஒரு மாதிரிதான். எந்த வீட்டிலிருந்தும் தாளிக்கும் வாசம்கூட வருவதில்லை.

பானுமதி மிளகு பறிக்கப் போனதும் ஜெசிந்தா கருவாட்டுக் குழம்பைத் தாளித்தாள். அடுத்த நிமிடம் அருள்மொழி வாசலில் நின்றாள்.

"வயிறாரச் சாப்பிடு கண்ணு."

சோறு தட்டில் விழ விழக் காணாமல் போனது.

குழம்பு வாசம் தோட்டம் வரை எட்டிவிட்டது போலும். பானுமதி மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"மேடம், எவ்வளவுங்க தின்னா?"

"பாதிப் பானை. பிள்ளையைப் பட்டினி போட உங்களுக்குப் பயமா இல்ல?"

"பயந்தானுங்க! வயிறு நெறைஞ்சதே அவளுக்குத் தெரியாதுங்க. பொறந்ததிலிருந்தே அப்படியொரு நோவு. வாசம் பட்டா நிறுத்த மாட்டா. போன வருசம் விருந்துல தின்னு வயிறு கிழிஞ்சு, சேலத்துல ஆபரேசன் பண்ணித்தான் பொழச்சா. அவளுக்காகத்தானுங்க ஊரே தாளிக்கிறதை விட்டுருச்சு. உங்ககிட்டயும் சொல்லோணும்னு இருந்தேனுங்க..."

ஜெசிந்தா அருள்மொழியின் வயிற்றைத் தொட்டாள். கல்லாக உப்பியிருந்தது.

அருள்மொழி சிரித்துக்கொண்டே தட்டை நீட்டினாள்.

"இன்னும் கொஞ்சம் வைங்க அக்கா."